நான்காம் கேள்வி

மைனஸ் முப்பத்தெட்டு.
காரின் மூக்கிலிருந்து ஒரு கம்பி
சுவரில் செருகிக் கிடக்கிறது,
இரவெல்லாம் உயிர் ஏற்றிக்கொண்டு.
சாஸ்கட்டூனில் இதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

காலை எட்டரைக்கு வகுப்பு.
எதிரோட்டம்:
இறங்கும் குழாயும் ஏறும் குழாயும்
உரசிக்கொண்டு போக,
ஒன்றின் வெப்பத்தை மற்றது வாங்கிக்கொள்ளும் கணக்கு.
போன வருடம் சிறுநீரகத்தில் ஆரம்பித்தேன்.
இருபத்து மூன்று முகங்களிலும்
பனி படிந்த கண்ணாடி.
சுரண்டச் சுரண்ட மறுபடி படிந்தது.
எனக்குத் தெரியும்; அவர்களுக்குப் புரியவில்லை.
இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சம்பளம்,
அதுவும் ஏப்ரல் வரைக்கும்.

பொதுத் தொகுப்பைத் திறக்கிறேன்.
உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பவர்கள்
செய்ததைக் கொண்டுவந்து
வைத்துவிட்டுப் போகும் இடம்.
பாட்டிலுக்குள் பலூன் கட்டிய நுரையீரல்.
சைக்கிள் டியூபில் ஒரு பெருந்தமனி.
வாகா வாகாவிலிருந்து ஒருவர்
செய்முறையைவிட நீளமாக ஓர் எச்சரிக்கை:
‘ஊதா மை வேண்டாம். மேசை போய்விட்டது.
துறைத்தலைவர் இன்னும் என்னோடு பேசவில்லை.’
பார்த்திராத அந்த மேசைக்காக
ஒரு நிமிடம் வருந்தினேன்.

பதினோராம் பக்கத்தில் அகப்பட்டது
வாத்தின் கால்.
பனிக்கட்டிமேல் நிற்கும் வாத்து ஏன் உறைவதில்லை?
காலுக்குள் இறங்கும் சூடான இரத்தம்
மேலேறும் குளிர்ந்த இரத்தத்துக்குக்
கொடுத்துக்கொண்டே போகிறது.
பாதத்தை எட்டும்போது
பனி பறித்துக்கொள்ள
பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

கீழே, கைமாறிய கதை.
டுலூத்தில் ஒருவர் செல்சியஸை ஃபாரன்ஹீட் ஆக்கியிருந்தார்.
ஹோபர்ட்டில் ஒருவர் அதைத் திருப்பியிருந்தார்.
டூசானில் பனிக்கு எங்கே போவது என்று
வாத்தை எடுத்துவிட்டு முயலின் காதைப் போட்ட ஒருவர்
மனசு கேட்காமல்
வாத்தைத் திரும்பவும் வைத்திருந்தார்.
ஹாலிஃபாக்ஸ் எழுதியது:
‘நான்காம் கேள்வி அநியாயம்.
மூன்று பேர் அழுதுவிட்டார்கள். எடுத்துவிட்டேன்.’

யாரந்தப் படுபாவி என்று சிரித்தபடி
முதல் பிரதிக்குப் போனேன்.

வாத்துக்கு இடது காலில் மூன்று விரல்,
வலது காலில் நான்கு.

எனக்கு இந்த வாத்தைத் தெரியும்.

ஆறு வருடம் முன்பு
இழுவை வண்டிக்குக் காத்திருந்த இரவில்
பார்க்கிங் ரசீதின் முதுகில்
கையுறையைக் கழற்றாமல் வரைந்தது.
பெயர் போடவில்லை,
போடுகிற தரமென்று தோன்றவில்லை.
ஏற்றினேன், மறந்தும் போனேன்.
நான்காம் கேள்வி நான் கேட்டதுதான்.
மன்னியுங்கள், ஹாலிஃபாக்ஸின் மூவரே.

என் தாளையே இறக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்,
ஊரார் துவைத்து மடித்துத் தந்த
என் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல.

பாதியில், கடைசி வரிசை ஜோர்டின்,
லா ராஞ்சிலிருந்து வந்தவள்,
மாமாவோடு பனிக்காலமெல்லாம் ஏரிக்கரையில் திரிந்தவள்,
பேனாவைக் கீழே வைத்தாள்.
‘வாத்து ரெண்டு காலிலும் நிற்காதே.
ஒன்றை இறகுக்குள் இழுத்துக்கொள்ளும்.
இவ்வளவு நல்ல குழாய் இருக்கும்போது
அது எதற்கு?’

எனக்குப் பாதி விடைதான் தெரிந்தது.
அதை அப்படியே சொன்னேன்.
மீதிப் பாதிக்கு ஆளாளுக்குச் சண்டை.
ஒன்பது நாற்பது வரை
யாரும் பையை மூடவில்லை.

மாலையில் புது நான்காம் கேள்வியைத் தட்டினேன்.
சேர்த்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.
எழுத்துக்கூட்டை அவளிடமே கேட்டேன்:
ஒய் வரும், ஐ இல்லை.
பிறகு, வெகுநேரம் யோசித்து,
முதல் பிரதியில் என் பெயரும்.

அந்த விரலைத் திருத்தலாமா என்று பார்த்தேன்.
இத்தனை கைகளில்
யாரும் தொடாத ஒரே இடம் அது.
விட்டுவிட்டேன்.

ஹோபர்ட்டில் இப்போது கோடை.
அடுத்த பருவத்துக்கென்று
யாரோ திறந்துகொண்டிருக்கலாம்.